இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு

அறுநூற்று எண்பது ராண்ட்.
மஸ்கிரேவ் கடைப் பையன் சொல்கிறான்:
"ஆன்ட்டி, பெல்ஜியத்தில் புதிதாக அச்சானது,
நூற்றெண்பது கிராம்."
வெண்டைக்காய் நிறுப்பவன் போல.

அட்டையில் அதே நாலு பையன்கள்,
சாட்ஸ்வொர்த் அடுக்கு வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே.
சாக்ரன் மூட்லி, கிடார்.
அவன் தம்பி பிரெகாசன், டிரம்ஸ்.
மற்றவர்களில் ஒருவன் பெர்த்துக்குப் போனான்,
ஒருவன் லாரிக்கு அடியில்.
யூனிட் செவன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.
இருந்தது யூனிட் மூன்றில்.

எண்பத்து நாலில் எனக்கு இருபத்திரண்டு.
டர்பன் வானொலி நிலையத்தில் நூலகக் குமாஸ்தா.
மாதம் முன்னூற்றுப் பத்து ராண்ட்,
அதில் அம்மாவுக்கு ஒரு அடுப்பு, தவணையில்.
கண்காணிப்பாளர் ஃபான் டோண்டர்
மரியாதையான மனிதர், கதவைத் திறந்து பிடிப்பார்.
திங்கட்கிழமை ஒரு பட்டியல் தருவார்,
கூடவே ஒரு ஆணி,
விரல் வலிக்காதிருக்கத் துணி சுற்றியது.

ஒரு பாட்டின் அகலம் சுண்டுவிரல் நகம்.
வெளிச்சத்தில் சாய்த்தால்
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு மினுக்கம்,
கரும்புக்குள் ஒற்றையடிப் பாதை மாதிரி.
அதைத் தாண்டாமல் கீற வேண்டும்.
குறுக்கே, மூன்று கீறல்.
சுத்தமான கை என்று எனக்குப் பெயர்.
பக்கத்துப் பாட்டு ஒன்றைக்கூட நான் கெடுத்ததில்லை.

இந்த ஆல்பத்துக்கு, காரணம் என்ற கட்டத்தில்
"விளங்காத மொழி. தவிர்க்க."
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐந்து வருஷம் படித்தவள்
மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.
அவர்கள் என்னைக் கேட்கவில்லை.
நான் பாட்டைக் கேட்கவில்லை.

பிறகு தெருவில் சாக்ரனைப் பார்த்தால்
மீன் மார்க்கெட்டுக்குள் திரும்பிவிடுவேன்,
மீன் வாங்காத வெள்ளிக்கிழமையிலும்.

நாற்பது வருஷமாக அந்தப் பாட்டை
நானே மனசுக்குள் கட்டிவைத்திருந்தேன்.
அதில் ஒரு சிறை இருந்தது.
லாரியில் தலைகீழாய் ஏற்றிய கட்டில்கள்,
மேகசின் பாரக்ஸ் சுவர் இடிபடும் சத்தம்,
உரக்க ஒரு பெயர்.
கீறியவளுக்கும் கொஞ்சம் பெருமை வேண்டாமா?

இன்று போட்டேன்.

சுமாரான பாட்டு.
கிடாரின் மூன்றாம் தந்தி இறங்கியிருக்கிறது.
பிரெகாசன் அவசரப்படுகிறான்.
கடலைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி,
மறுபடி கடலைப் பற்றி.
அப்புறம் எல்லாரும் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள்,
அந்த வயதுப் பையன்களுக்குப் பிடித்த நிறுத்தம்.
அந்த ஓட்டைக்குள்
கராஜ் கதவுக்கு அப்பாலிருந்து,
மைக் இருப்பது தெரியாமல்,
அவர்கள் அம்மா:
"டேய், சோறு ஆறுது."

யாரோ சிரிக்கிறான். டிரம் விழுகிறது.
பாட்டு ஓடிப்போகிறது.

இதற்கு ஒரு குழு கூடியிருக்கிறது.
அந்தத் தாளில் நாலு கையெழுத்து.

அலமாரி மேலே என் பிரதி,
தொண்ணூற்று நாலில் நூலகத்தைக் காலி செய்தபோது
கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தது.
ஒருநாளும் ஓட்டியதில்லை. அதையும் போட்டேன்.
டக். டக். டக்.
என் கையெழுத்து, ஒரு சுற்றுக்கு மூன்று முறை.
கடல் பாதி வந்தது. பெண் வரவேயில்லை.
முள் தாவித் தாவிப் போய்
அந்த நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது.
சோறு என் கீறலுக்குள் விழுந்துவிட்டது.
மிஞ்சியதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்

ஆறு
டக்
ஆறு
டக்
ஆறு

நான் முள்ளைத் தூக்கவில்லை.
கீழ்வீட்டு மிசஸ் ரெங்கசாமி
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறாள்,
பிரெகாசனைவிடச் சரியான தாளத்தில்.